இயந்திரத் தணிக்கையும் இரண்டு மன்னிப்புகளும்

பெரிய கம்பெனிகள் நடத்தும் சமூக வலைத்தளங்களிலும், கேட்ட கேள்விக்கு மனிதரைப்போல் விடை கூறும் செயற்கை அறிவு இயந்திரங்களிலும் அரசியல் பாரபட்சம் மலிந்துவிட்டதென்ற கூச்சல் சில ஆண்டுகளாக உலகமெங்கும் எழுந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். இடதுசாரிகளுக்கே சாதகமென்று வலதுசாரிகள் சொல்லுகிறார்கள். பணமும் படையும் உள்ளவர்க்கே சாதகமென்று மற்றவர்கள் சொல்லுகிறார்கள். இரு திறத்தாரும் தத்தமக்கு வேண்டிய சாட்சியங்களை அடுக்குகிறார்கள். சாட்சியங்களும் பெரும்பாலும் உண்மையானவையே. ஆயினும் நம்மவர்கள் இதனை அயலார் வீட்டுச் சண்டையென எண்ணி, வேலிக்கு இப்பால் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் நமக்கு வியப்பாயிருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளி முதல் பட்டணத்துக் கடைக்காரர் வரை, கையில் செல்பேசி இல்லாத தமிழரைக் காண்பது இன்று அரிது. அவருடைய கண்ணில் எது பட வேண்டும், எது படலாகாது என்பதை அவர் அறியாத ஓர் இயந்திரம் அன்றாடம் தீர்மானிக்கிறது.

நாம் தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கிறோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த குற்றத்தினால், மானேஜருக்கு வரும் புகார்களைப் படிப்பதும் அவற்றிற்குப் பதில் எழுதுவதும் நம் தலையில் விழுந்த வேலை. இவ்வேலையை ஆண்டுக்கணக்கில் செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிடும். மன்னிப்புக் கடிதம் ஒன்று கையில் வந்தால், அதில் வருத்தம் எத்தனை பலமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அவன் கவனிக்கமாட்டான். தவறு செய்தது யார், எப்படிச் செய்தார் என்பது எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்றுதான் தேடுவான். அப்பழக்கத்தோடு, 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு மன்னிப்புகளை நாம் படித்துப் பார்த்தோம்.

முதலாவது கூகுள் கம்பெனியினுடையது. அக்கம்பெனியின் ஜெமினி என்னும் இயந்திரம், சொல்லாற் கேட்டதைப் படமாக வரைந்து கொடுக்கும். 1943-ஆம் ஆண்டின் ஜெர்மன் சிப்பாயைக் காட்டு என்று கேட்டவர்களுக்கு, ஹிட்லரின் படையுடுப்பில் கறுப்பரையும் ஆசியரையும் வரைந்து கொடுத்தது. அமெரிக்கக் குடியரசை நிறுவிய தலைவர்களைக் கேட்டபோதும் இதே கதைதான். இன வெறியையே கொள்கையாகக் கொண்டு 60 இலட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் படையில் எல்லா இனத்தாரும் சமமாக அணிவகுத்து நின்றதாகப் படம் போட்டால், அது கொலைகாரனின் குற்றத்தைப் பூசி மெழுகுவதேயாகும். 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி, மனிதர்களின் படம் வரைவதையே கம்பெனி நிறுத்திவைத்தது. மறுநாள் அதன் உயரதிகாரி பிரபாகர் ராகவன் ஒரு விளக்கம் வெளியிட்டார். சில நாட்களில் தலைவர் சுந்தர் பிச்சையும், நடந்தது சற்றும் ஏற்கத்தக்கதன்று என்று ஊழியர்களுக்கு எழுதினார்.

ராகவனுடைய விளக்கத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். கம்பெனிக் கடிதங்களில் அது மேலான ஜாதி. இரண்டு காரணங்களை அது ஒளிவின்றிச் சொல்லுகிறது. பலவகை மனிதரும் படத்தில் தோன்றும்படி இயந்திரத்தைச் சுருதி சேர்த்தபோது, அவ்வாறு தோன்றக்கூடாத சந்தர்ப்பங்களும் உண்டென்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஒன்று. காலப்போக்கில் இயந்திரம் நாம் நினைத்ததைக் காட்டிலும் அதிக அச்சமுடையதாகி, தீங்கற்ற கேள்விகளுக்கும் விடை தர மறுத்தது என்பது மற்றொன்று. இவ்வளவும் சரி. சுருதி சேர்த்தவர் யார்? எந்தக் கட்டைக்குச் சேர்த்தார்? அந்தக் கட்டைதான் வேண்டுமென்று எந்த அறையில், யாரைக் கலந்துகொண்டு முடிவு செய்தார்கள்? அது கடிதத்தில் இல்லை.

இதில் ஒன்றை நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். கம்பெனி இந்தத் திருத்தத்தை விளையாட்டாகச் செய்யவில்லை. உலகத்து வலைத்தளங்களிற் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களைத் தின்று வளர்ந்த இயந்திரத்தைச் சும்மா விட்டால், வைத்தியர் என்றால் வெள்ளைக்கார ஆணையும், வேலைக்காரி என்றால் கறுப்புப் பெண்ணையும் வரைந்து கொடுக்கும். அதுவும் பாரபட்சமே; உலகம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பாரபட்சம். அதைத் திருத்தப் போனவர்கள் அதன்மேல் தங்கள் அபிப்பிராயத்தைப் பூசினார்கள். ஆகவே, தலையிடாதிருந்தால் இயந்திரம் தானே நடுநிலையாக இருக்கும் என்று வலதுசாரி நண்பர்கள் சொல்லுவதும் பொய். எங்கள் தலையீடுதான் நடுநிலை என்று கம்பெனிகள் சொல்லுவதும் பொய். அபிப்பிராயமில்லாத வடிகட்டி என்பது ஓட்டையில்லாத சல்லடையைப் போன்றதொரு பொருள்.

நம் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறோம். செம்பனைத் தோட்டத்தில் ஒரு குலை வெட்டுவதற்குப் பக்குவமாயிற்றா என்பதை, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள். எத்தனை பழம் உதிர்ந்தால் பக்குவம் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அந்த எண்ணிக்கை ஆண்டவன் கட்டளையன்று, நிர்வாகத்தின் அபிப்பிராயமே. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த அபிப்பிராயம். காய்க்குலையை வெட்டினாயென்று அபராதம் போட்டால், தொழிலாளி மண்டோரைக் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப்போய், எண்ணிப் பாருங்கள் என்று சொல்ல முடியும். கம்பெனிகளின் இயந்திரத்திலோ எண்ணிக்கை மறைவிலிருக்கிறது. ஒரு வாசகம் வெறுப்புப் பேச்சாக இருக்கக்கூடும் என்பதற்கு இயந்திரம் ஒரு மதிப்பெண் போடுகிறது. அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வாசகம் போயிற்று. வரம்பு எது, யார் வைத்தது, நேற்று இருந்ததுதான் இன்றும் இருக்கிறதா என்பது எழுதியவனுக்குத் தெரியாது. மரத்தடியும் இல்லை, உதிர்ந்த பழமும் இல்லை.

நிற்க. அதே பிப்ரவரி மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியை பாசிஸ்டு என்று சொல்லலாமா என்று ஒருவர் ஜெமினியைக் கேட்க, சிலர் அவ்வாறு கூறியிருக்கிறார்கள் என்ற பொருளில் அது விடை சொல்லிற்று. மற்ற நாட்டுத் தலைவர்களைப் பற்றிக் கேட்டபோது இவ்வளவு துணிச்சல் காட்டவில்லை. இந்திய மந்திரி ராஜீவ் சந்திரசேகர், இது சட்டவிதிகளை மீறியது என்று அறிவித்தார். சோதனையில் இருக்கும் இத்தகைய இயந்திரங்களுக்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்று மார்ச் 1-ஆம் தேதி ஓர் ஆலோசனைக் குறிப்பு வந்தது. கண்டனம் கிளம்பவே, இரண்டு வாரத்தில் அனுமதிப் பேச்சை விட்டுவிட்டார்கள். அதே மார்ச்சு மாதத்தில் கூகுள் கம்பெனி, தேர்தல் சம்பந்தமான கேள்விகளுக்கு ஜெமினி விடை கூறுவதைக் கட்டுப்படுத்தியிருப்பதாகத் தெரிவித்தது. முன்னெச்சரிக்கை என்று காரணம் சொன்னது. ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள் வாக்களிக்கப் போகும் வேளையில் இயந்திரம் வாயைப் பொத்திக்கொண்டது. மௌனமும் ஒரு பக்கத்துக்கு உதவும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கப்படாமலிருந்தால் யாருக்கு லாபமோ அவருக்கு உதவும்.

இங்கே ஒரு சிறு விஷயம். பிச்சை மதுரையிற் பிறந்தவர், 2015 முதல் கூகுளின் தலைவர் என்று நம்மவர்கள் பெருமை பேசிக் கேட்டிருக்கிறோம். பெருமை பேசட்டும். ஆனால் தலைவர் நாற்காலியில் தமிழர் இருப்பதனால் இயந்திரத்தின் காதிலே தமிழ் ஏறிவிடாது. இந்தப் பெருமையில் மயங்கி, கேட்க வேண்டியதைக் கேளாமலிருப்பது நம் சமூகத்தின் பழைய வியாதி.

இனி இரண்டாவது மன்னிப்பு. இது நம் நாட்டு விஷயம். 2024 ஜூலை 31-ஆம் தேதி ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானில் கொல்லப்பட்டார். மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தம் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களில் அநுதாபம் தெரிவித்தார். மெட்டா கம்பெனி அவற்றை நீக்கிவிட்டது. ஆபத்தான மனிதரையும் ஸ்தாபனங்களையும் பற்றிய விதியின்படி நீக்கியதாகக் காரணம் காட்டப்பட்டது. இது கோழைத்தனம் என்றார் பிரதமர். கம்பெனியின் பிரதிநிதிகளிடம் பிரதமர் அலுவலகம் விளக்கம் கேட்டது. ஆகஸ்டு 6-ஆம் தேதி மெட்டா மன்னிப்புக் கேட்டது.

அந்த மன்னிப்பு ஏறக்குறைய ஒரே வாக்கியம். நடைமுறைப் பிழையால் நீக்கம் நேர்ந்தது, வருந்துகிறோம், செய்தி மதிப்புடையது என்ற சரியான குறிப்போடு பதிவுகளைத் திருப்பி வைத்துவிட்டோம் என்பதே அதன் சாரம். நீக்கியது மனிதனா இயந்திரமா? தெரியாது. பிரதமரின் பக்கம் என்று தெரிந்து நீக்கினார்களா? தெரியாது. அவர் எழுதியது விதிக்கு முரணானதா அல்லவா? அதுவும் தெரியாது. முரணானதுதான், ஆனால் செய்தி மதிப்புக்காக விட்டுவைத்திருக்கிறோம் என்றுகூட அவ்வாக்கியத்திற்குப் பொருள் கொள்ளலாம். நம்முடைய மானேஜரின் கடிதங்களில் இவ்விதமான வாக்கியங்களை நாமே பலமுறை எழுதியிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதலாம். தவறு செய்தோம் என்று எழுதலாகாது. இலக்கணத்தில் எழுவாயை மறைக்கும் வித்தையைக் கற்றவனுக்குக் காரியாலயத்தில் என்றும் வேலை உண்டு.

இந்த மன்னிப்பும் ஒரு வாரத்திற்குள் கிடைத்ததற்குக் காரணம் என்ன? கேட்டவர் ஒரு நாட்டின் பிரதமர். எண்பது இலட்சம் பேருக்கு மேல் உபயோகிக்கும் சமூகத் தளங்கள் யாவும் உரிமம் பெற வேண்டும் என்ற திட்டத்தை அவருடைய அரசாங்கம் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தது. 2025 ஜனவரி 1-ஆம் தேதி அது அமுலுக்கும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2023 ஜூன் மாதத்தில், மெட்டா கம்பெனி விரும்பத்தகாத பதிவுகளை நீக்கத் தவறுகிறது, அதன்மேல் வழக்குத் தொடுப்போம் என்று இதே நாட்டின் தொடர்பு ஆணையம் எச்சரித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே வடிகட்டுவதை அரசாங்கங்கள் வெறுக்கவில்லை. சல்லடை தங்கள் கையில் இல்லையே என்பதுதான் அவர்களுடைய குறை. பிரதமரின் கண்டனம் நியாயமானதே. அவர் சொல்லை எடுத்துவிட உரிமையில்லையென்றால், அவரை எதிர்த்துப் பேசுகிறவர் சொல்லை எடுத்துவிடவும் உரிமையில்லை. இந்தப் பிற்பகுதியை எந்த மந்திரியும் சொல்ல நாம் கேட்டதில்லை.

காற்று மாறினால் சல்லடையும் மாறுகிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் டிரம்பைத் தன் தளங்களிலிருந்து வெளியேற்றிய மெட்டா, 2023-இல் திரும்ப அனுமதித்தது. 2025 ஜனவரியில் அவர் தொடுத்த வழக்கைத் தீர்க்க இரண்டரைக் கோடி டாலர் கொடுக்க இசைந்தது. அதே மாதத்தில், வெளியாரைக்கொண்டு செய்திகளின் மெய்ம்மையைச் சோதிக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவில் நிறுத்துவதாக அதன் தலைவர் மார்க் ஸக்கர்பர்க் அறிவித்தார். எலான் மஸ்க்கின் குரோக் இயந்திரம் 2025 ஜூலையில் ஹிட்லரைப் புகழத் தொடங்கிற்று; கம்பெனி மன்னிப்புக் கேட்டது. சீனத்து டீப்சீக் இயந்திரத்திடம் 1989-ஆம் ஆண்டு தியானன்மென் சதுக்கத்தில் நடந்ததைக் கேட்டால், வேறு பேசலாம் என்கிறது. இங்கே வாஷிங்டனுக்கு ஒரு சல்லடை, பெய்ஜிங்குக்கு ஒரு சல்லடை, முதலாளியின் மனப்போக்குக்கு ஒரு சல்லடை. இவற்றை நீட்டிச் சொல்லிப் பயனில்லை.

நாம் நீட்டிச் சொல்ல விரும்புவது வேறொன்று. 2021 மே மாதத்தில் ஜெரூசலத்தில் கலவரம் மூண்டபோது பாலஸ்தீனரின் பதிவுகள் ஏராளமாக மறைந்தன. அல் அக்ஸா என்பது இஸ்லாமியரின் புனிதமான பள்ளிவாசலின் பெயர். அப்பெயரைக் குறியாக இட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. மெட்டா கம்பெனியே கேட்டுக்கொண்டதன்பேரில் பி.எஸ்.ஆர். என்னும் ஸ்தாபனம் விசாரித்து, 2022 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கக் கருவூலத்தின் பட்டியலில் அல் அக்ஸா என்ற சொல்லைப் பெயரிற் கொண்ட ஓர் ஆயுதக் குழு இருக்கிறது. அப்பட்டியலிலிருந்து சொற்களை எடுத்துத் தடைப் பட்டியலில் சேர்த்த கூலி ஊழியர் ஒருவர், பள்ளிவாசலின் பெயரையும் சேர்த்துவிட்டாராம். இது ஒரு கை தவறியது என்று விட்டுவிடலாம். ஆனால் அறிக்கையிலுள்ள மற்றவற்றை அவ்விதம் விட முடியாது. பகைமைப் பேச்சைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அரபு மொழிக்கு இருந்தது. ஹீப்ரு மொழிக்கு இல்லை. ஆகவே அரபு மொழியில் எழுதியவர் மிகையாகத் தண்டிக்கப்பட்டார். ஹீப்ருவில் எழுதியவர் தப்பினார். பாலஸ்தீன வழக்கில் எழுதப்பட்டவை அவ்வழக்கு அறியாத ஊழியர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்றும் அறிக்கை சொல்லுகிறது. வேண்டுமென்றே பாரபட்சம் செய்ததற்குச் சாட்சியம் இல்லை, விளைவு மட்டும் பாரபட்சமானது என்பது அதன் முடிவு.

இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. பாரபட்சம் நடக்கக் கெட்டவன் ஒருவன் வேண்டும் என்றே நாம் இதுவரை எண்ணியிருந்தோம். வேண்டியதில்லை. ஒரு மொழிக்குச் சல்லடை செய்து, மற்றொரு மொழிக்குச் செய்யாமல் விட்டாலே போதும். ஒரு மொழியை அறிந்த ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மற்றொன்றை அறிந்தவர்களுக்குக் கொடாமல் விட்டாலே போதும். பேஸ்புக்கின் உட்கடிதங்களை 2021-இல் வெளியிட்ட பிரான்சஸ் ஹாகனால் ஒரு கணக்குத் தெரியவந்தது. பொய்ச் செய்திகளைப் பிரித்தறியும் வேலைக்கு ஒதுக்கிய தொகையில் 87 சதவிகிதம் அமெரிக்காவுக்கு. மிச்சமிருந்த 13 சதவிகிதந்தான் உலகத்தின் மற்றெல்லா நாடுகளுக்கும். கணக்கு முழுமையானதன்று என்று கம்பெனி மறுத்தது. முழுமையான கணக்கு எதுவென்று காட்டவில்லை. 2018-இல் இலங்கையின் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு விரோதமான கலவரத்தைத் தூண்டிய பதிவுகள் அத்தளத்தில் உலவின. அவ்விஷயத்தில் தன் பங்குக்குக் கம்பெனி வருத்தம் தெரிவித்தது 2020-இல்.

வடிகட்டியே வேண்டாம் என்கிறீரா என்று சிலர் கேட்கலாம். கண்டியின் கதையைச் சொல்லிவிட்டு அவ்வாறு சொல்ல நமக்கு வாயில்லை. வடிகட்ட வேண்டிய இடத்தில் வடிகட்டாமையும், வேண்டாத இடத்தில் வடிகட்டுவதும் ஒரே நோயின் இரண்டு முகம். மொழி அறியாமைதான் அந்நோய்.

நம் தமிழின் நிலை இதில் தனிச் சிக்கல். நம்மவர்கள் செல்பேசியில் எழுதுவது பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மலேசியாவிலோ மலாயும் கலக்கும். பலர் தமிழைக்கூட ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஒரே சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். மதுரைக்காரரின் பேச்சும், யாழ்ப்பாணத்தாரின் பேச்சும், நம் தோட்டத்துப் பேச்சும் வேறு வேறு. அகராதி வைத்துக்கொண்டு இவற்றைப் பிடிக்க முடியாது.

எங்கள் தோட்டத்து வாசகர் கழகத்துக்கு ஒரு சமூகத் தளத்தில் பக்கம் உண்டு. சென்ற ஆண்டு அதில் ஒரு கட்டுரை வெளியிட்டோம். முற்காலத்தில் தோட்டங்களில் லயன் வீடுகளை ஜாதி பார்த்துப் பிரித்த கொடுமையைப் பற்றியது. அக்காலத்தில் ஒரு பகுதியாரை எந்த இழிசொல்லால் அழைத்தார்கள் என்பதை எடுத்துக் காட்டி, அதனைக் கண்டித்திருந்தோம். பத்து நிமிஷத்தில் கட்டுரை மறைந்துவிட்டது. வெறுப்புப் பேச்சு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு முந்திய வாரம் கழகத்தின் ஆண்டுவிழாப் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதன் கீழே, முகந்தெரியாத ஒருவர் அதே இழிசொல்லை ரோமன் எழுத்தில், ஓர் எழுத்துக்குப் பதில் ஓர் இலக்கத்தைப் போட்டு, எங்கள் உறுப்பினர் ஒருவரை நோக்கி எழுதியிருந்தார். நாங்கள் புகார் செய்தோம். அது விதிக்கு முரணானதன்று என்று விடை வந்தது. இன்றும் அது அங்கேயே இருக்கிறது. இகழ்ந்தவன் இருக்கிறான், இகழாதே என்றவன் போய்விட்டான்.

மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினோம். அன்றிரவே, முடிவு மாறவில்லை என்று வந்தது. யாராவது படித்தார்களா என்பதற்கு அடையாளம் இல்லை. ஐரோப்பாவில் இவ்விதம் நேர்ந்தால், டிஜிட்டல் சேவைகள் சட்டம் என்று ஒன்றிருக்கிறது. நீக்கியதன் காரணத்தையும், இயந்திரம் நீக்கியதா என்பதையும் கம்பெனி எழுதித் தரவேண்டும். புகாரை இயந்திரம் மாத்திரம் தீர்க்கலாகாது, மனிதரின் மேற்பார்வை வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அச்சட்டம் முழு அளவில் அமுலில் இருக்கிறது. இதைச் செய்யத் தெரியாத கம்பெனிகள் அல்ல. பாரிஸில் உள்ளவருக்குச் செய்கிறார்கள். கிள்ளானிலும் சிராங்கூனிலும் உள்ளவருக்கு ஏன் செய்யக்கூடாது, அவர் எழுதிய மொழியிலேயே ஏன் செய்யக்கூடாது என்றுதான் நம் சங்கங்கள் கேட்க வேண்டும். எங்கள் காரியாலயத்தில், தொழிலாளி ஒருவரின் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்தால் அவர் ஜன்னலண்டை வந்து நிற்பார். நாம் செக்ரோலைத் திறந்து, இன்ன தேதியில் உங்கள் பெயருக்கு நேரே இன்ன குறி இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். குறியைப் போட்ட மண்டோரும் அருகே நிற்பார். சண்டை வரும், சில நாள் நம் கணக்கே தப்பாகவும் இருக்கும்.

கழகத்தின் பெரியவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மண்டோர், கட்டுரை மறைந்த செய்தியைக் கேட்டு அன்று மாலையே நம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, மானேஜருக்கே கடுதாசி எழுதிக் கொடுக்கிறீங்க. இவங்களுக்கும் இங்கிலீசிலே ஒண்ணு எழுதிப் போடுங்க. யார் எடுத்தாங்க, எதுக்காக எடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க" என்றார். எழுதினோம். இரண்டு பக்கம் வந்தது, நன்றாகவே வந்தது. உறையில் விலாசம் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டார்.